கிரவுட் கோடு இல்லாத குளியலறை: கொழும்பு வீட்டுக்கு எந்தப் பூச்சு, எவ்வளவு பட்ஜெட்?

"டைல்ஸ் வேண்டாம், கல்லுப் போல ஒரே பரப்பாக இருக்கிற பூச்சுத்தான் வேண்டும். எவ்வளவு முடியும்?" பாத்ரூமைத் திருத்தப் போகும் பலர் இப்போது இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஏதோ ஒரு ஹோட்டலில் பார்த்திருப்பார்கள், அல்லது தெரிந்தவர் வீட்டில். டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரவுட் சாந்தில் படியும் கறுப்புப் பூஞ்சணத்தைப் பழைய பிரஷால் தேய்த்துத் தேய்த்து அலுத்தவர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான்.

பிறகு விலை விசாரிக்கிறார்கள், குழப்பம் தொடங்குகிறது. ஒருவர் சதுர அடிக்கு ஒரு விலை சொல்கிறார், அடுத்தவர் அதைப் போல இரண்டு மடங்கு சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதல் ஆள் மேலே பூசுவதற்கு மட்டும் சொல்கிறார். இரண்டாவது ஆள் அடியில் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் சொல்கிறார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொழும்பில் இந்த வேலையின் செலவு, பூச்சுக்குக் கீழே கிடக்கும் கொங்கிரீட்டிலும் குழாயிலும் ஈரத்திலும்தான் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் பூச்சைத் தெரிவுசெய்ய வேண்டும். பெரும்பாலானோர் மறுபக்கமாகச் செய்கிறார்கள். நிறத்தைத் தெரிவுசெய்துவிட்டுத்தான் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

இங்கே நான்கு மூட்டில்லாத பூச்சுகளை எடுத்துக்கொள்கிறேன்: மைக்ரோசீமெந்து, பொலிஷ் சீமெந்து, அந்த இடத்திலேயே வார்க்கும் டெராசோ, மொரோக்கோவின் தடலக்ட் சுண்ணாம்புப் பூச்சு. கூடவே பெரிய அளவு போர்சலின் டைல்ஸையும் வைக்கிறேன். அதற்கு மூட்டு உண்டு. ஆனாலும் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மற்ற நான்கின் பெறுமதி விளங்காது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, அடித்தளம். பழைய டைல்ஸ் உறுதியாக ஒட்டியிருக்கிறதா, தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கிறதா, தளத்தின் கீழ்ப்பக்கம் கம்பி துருப்பிடித்து கொங்கிரீட் உதிர்கிறதா? கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று வரும்போது உப்புக் காற்று இந்தக் கடைசிக் கேள்வியை முக்கியமாக்கிவிடுகிறது.

இரண்டாவது, தண்ணீரை யார் தடுக்கிறார்கள் என்பது. இந்த ஐந்தில் எதுவுமே தனியாக நின்று தண்ணீரைத் தடுத்துவிடாது. அடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு வேண்டும். அதைத் தனி வரியாகக் கணக்கில் எழுதுங்கள்.

மூன்றாவது, தடிப்பும் பாரமும். மேல்மாடியில் இருப்பவர்களுக்கும், பாத்ரூம் தரை அறைத் தரையைவிட ஓர் அங்குலம்தான் தாழ்ந்திருக்கும் வீடுகளுக்கும் இது பெரிய விஷயம்.

நான்காவது, எத்தனை நாள் பாத்ரூம் மூடியிருக்கும். இரண்டு பாத்ரூம் உள்ள வீட்டில் இது சின்னத் தொல்லை. ஒன்றே ஒன்றுதான் என்றால், உறவினர் வீட்டில் தங்குவதையும் செலவாகவே எண்ண வேண்டும்.

ஐந்தாவது, வீட்டுப் பழக்கம். நம் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு உண்டு, மஞ்சள் உண்டு, தலைமுடிச் சாயம் உண்டு, தரையில் உட்கார்ந்து துணி தோய்ப்பதும் உண்டு. இறக்குமதிப் பூச்சுகளின் விளம்பரப் படத்தில் இருக்கும் பாத்ரூமில் ஒரு வாளி கூட இருக்காது. நம் பாத்ரூமில் வாளி இழுபடும், முக்காலி உரசும். வயதானவர்கள் இருந்தால் ஈரத்தில் வழுக்குமா என்பதும் இதோடு சேர்ந்து வரும்.

கடைசியாக, பழுதுபார்ப்பும் டொலரும். நாளைக்கு ஒரு குழாய் கசிந்தால் உடைத்த இடத்தை மட்டும் மூட முடியுமா? பொருள் இறக்குமதியா, உள்ளூரா? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை யாரும் மறக்கவில்லை. இன்றும் இறக்குமதிப் பொருளுக்குத் தரும் கொட்டேஷன் சில வாரத்துக்கு மட்டும் செல்லுபடியாவது அதனால்தான்.

## பரப்பளவை நீங்களே அளந்துவிடுங்கள்

ஐந்துக்கு எட்டு அடி பாத்ரூம் ஒன்றை எடுப்போம். தரை 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி, ஏழு அடி உயரத்துக்குச் சுவர் 182 சதுர அடி. கதவும் சின்ன யன்னலும் போக 160 மட்டில் மிஞ்சும். மொத்தம் 200 சதுர அடி. சதுர மீட்டரில் 18.6.

கணக்குக்காக மட்டும் சதுர அடி 1,000 ரூபா என்று வையுங்கள். இது சந்தை விலை அல்ல, பெருக்க வசதியான எண். 200 சதுர அடிக்கு 2 லட்சம். பதிவுசெய்த நிறுவனம் என்றால் 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி. "வற் சேர்க்கவில்லை" என்று கொட்டேஷனின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தால் 2 லட்சம் 2,36,000 ஆகிவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தரை முழுவதும் 40, ஷவர் மூலையில் மூன்றுக்கு ஐந்து அடி இடத்தின் மூன்று சுவர் 77. இவ்வளவுக்கு மட்டும் விலையான பூச்சுப் போட்டு, மிச்சச் சுவருக்கு ஈரம் தாங்கும் பெயின்ட் அடித்தால் 117 சதுர அடியோடு வேலை முடிகிறது. பூச்சுச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: கண்ணாடித் தடுப்பு இருக்க வேண்டும். வாளியில் தண்ணீர் நிரப்பி நடுவில் இருந்து குளிக்கிற வீட்டில் எல்லாச் சுவருமே ஷவர் சுவர்தான்.

சதுர மீட்டர் கணக்கு ஏன் வேண்டும் என்றால், இறக்குமதிப் பூச்சுகள் செட்டாகத்தான் வருகின்றன. ஒரு செட் 10 சதுர மீட்டருக்கு என்றால் அந்த 117 சதுர அடிக்கு, அதாவது 11 சதுர மீட்டர் மட்டில், இரண்டு செட் வாங்க வேண்டும். பரப்பைக் கொஞ்சம் குறைத்தால் ஒரு செட்டின் காசு முழுதாக மிச்சம். அப்புறம், சின்ன வேலை என்றால் பூசுபவர்கள் சதுர அடிக் கணக்கை விட்டுக் குறைந்தபட்சத் தொகை ஒன்றைச் சொல்வார்கள். மூன்று பேர் மூன்று நாள் வந்துபோகும் கூலி அறையின் அளவோடு குறைவதில்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது.

## மைக்ரோசீமெந்து

மிக நுண்ணிய மணல், சீமெந்து, பொலிமர், நிறம் எல்லாம் கலந்த பூச்சு. பிரைமர், கண்ணாடி நாரிழை வலை, இரண்டு அடிப்பூச்சு, இரண்டு மேல்பூச்சு, கடைசியில் எல்லாவற்றையும் அடைத்துக் காக்கும் பொலியூரிதேன் சீலர். மொத்தத் தடிப்பு 2 முதல் 3 மில்லிமீட்டர். இதன் பெரிய பலமும் பெரிய பலவீனமும் இந்தத் தடிப்புத்தான்.

பலம் என்ன? நம் 40 சதுர அடித் தரையில் இது ஏறத்தாழ 20 கிலோ பாரம் மட்டும் ஏற்றும். கதவை அறுக்க வேண்டாம், வாசல்படி உயராது, கொமோட் குழாயின் மட்டம் மாறாது. பழைய டைல்ஸை உடைத்து, மூட்டை கட்டி, லிப்டில் இறக்கி, லொறிக்குக் காசு கொடுக்கும் செலவு முழுவதும் மிச்சம். தொடர்மாடியில் முகாமைத்துவக் குழு சத்தமான வேலைக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் இடங்களில் இந்த ஒரு காரணத்துக்காகவே இது வெல்லும். மூலையிலும் மாடத்திலும் வளைவிலும் ஒரே தோலாக ஓடும். எந்தப் பக்கம் சரிவு கொடுத்தாலும் அதோடு போகும்.

பலவீனமும் அங்கேயேதான். 3 மில்லிமீட்டர் பூச்சு தன் கீழே நடக்கும் எதையும் மறைக்காது. கொங்கிரீட் தூணும் கல்லுக்கட்டுச் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால், அது ஒரு நாள் மேலே வரும். நாரிழை வலை தாமதப்படுத்தும், நிறுத்தாது. "பழைய டைல்ஸுக்கு மேலேயே அடிக்கலாம் அண்ணா, உடைக்கத் தேவையில்லை" என்று சொல்லும்போது அவர் சொல்வது உண்மைதான், டைல்ஸ் உறுதியாக இருந்தால். ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டுங்கள். பொள்ளெனக் கேட்கும் டைல்ஸை எடுத்து, பள்ளத்தை நிரப்பி, கிரவுட் கோடுகளை மட்டமாக்க வேண்டும். கோடுகளைச் சரியாக நிரப்பாவிட்டால் பக்கவாட்டு வெளிச்சத்தில் பழைய டைல்ஸின் சதுரங்கள் நிழலாகத் தெரியும்.

அடுத்தது ஈரம். சீலர் அடிக்கும்போது உள்ளே ஈரம் இருந்தால் அது வெளியேற வழியில்லாமல் வெள்ளைப் படலமாகவோ கொப்புளமாகவோ நிற்கும். கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் மாலை மழை. இந்த வேலைக்கு நான் சொல்லும் மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும். வேறு காலத்தில் செய்வதானால், சுவரிலும் தரையிலும் ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் அடைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ அடியில் சீமெந்து கறுத்திருந்தாலோ பூசக் கூடாது. காசில்லாத சோதனை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. புதிதாகப் போட்ட சீமெந்துத் தளம் என்றால் 28 நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தை யாரும் கால அட்டவணையில் போடுவதில்லை.

சீலரைப் பற்றி இன்னும் ஒன்று. தண்ணீரையும் மஞ்சளையும் எண்ணெயையும் தாங்குவது சீமெந்து அல்ல, அந்த மெல்லிய பொலியூரிதேன் படலம்தான். அது தேயும். தரையில், முக்கியமாக வாளி இழுபடும் இடத்தில், 3 முதல் 5 ஆண்டுக்குள் மறுபடி அடிக்க வேண்டிவரும். பத்து ஆண்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இரண்டு மூன்று முறை சீலர் செலவையும் அந்த நாட்களில் பாத்ரூம் மூடப்படுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேய்ந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டால் கறை சீமெந்துக்குள் இறங்கிவிடும், அதற்குமேல் சீலர் அடித்துப் பயனில்லை. பூசி முடித்த பிறகும் ஒரு வாரமாவது தண்ணீர் படாமல் விட வேண்டும். வீட்டுக்காரர் பொறுமை இழப்பது பெரும்பாலும் இந்த வாரத்தில்தான்.

## பொலிஷ் சீமெந்து

நம் பாட்டி வீட்டுச் சிவப்புத் தரையின் உறவினர் இது. சீமெந்தோடு நிறம் கலந்து, கரண்டியால் இழைத்து இழைத்து மினுக்கி, பிறகு மெழுகு பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளக்க வைத்த தரைகள் கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன. இப்போது வெள்ளைச் சீமெந்தோடு டைட்டேனியம் தூள் சேர்த்துச் செய்வதை மேசன்மார் டைட்டேனியம் தரை என்கிறார்கள். கட் சீமெந்து என்ற பேச்சும் உண்டு. பெயரைப் பார்க்காமல் என்ன கலக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஐந்திலும் பொருள் செலவு குறைந்தது இதுதான். சீமெந்து, மணல், நிறத்தூள் எல்லாம் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும், டொலர் ஏறினாலும் மற்றவை அளவுக்கு உலுக்காது. செலவு முழுவதும் கையில் இருக்கிறது. நல்ல மேசன் பாஸ் கிடைத்தால் அழகு, கிடைக்காவிட்டால் மேகம் மேகமாகத் திட்டு. நிறத்தூள் சீமெந்தின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தரையின் வலிமை குறையும். கடும் நிறம் கேட்டு மேசனை நெருக்காதீர்கள்.

பாத்ரூமுக்கு இதில் இரண்டு சிக்கல். பழைய டைல்ஸுக்கு மேல் மெல்லியதாகப் போட முடியாது. உடைத்து, ஓரிரு அங்குலத் தளம் வார்க்க வேண்டும். இரண்டாவது, சிலந்தி வலை போன்ற நுண் வெடிப்பு. சீமெந்து அதிகமான கலவை, வேகமாகக் காய்ந்த மேற்பரப்பு இரண்டும் அதைக் கொண்டுவரும். தரையின் உறுதிக்கு அதனால் கேடில்லை, ஆனால் மஞ்சளும் அழுக்கும் அந்த வலையில் படிந்து கோடாகத் தெரியும். சிலருக்கு அது அழகு, சிலருக்குப் பார்க்கவே முடியாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மினுக்கிய சீமெந்து சோப்புத் தண்ணீரில் நன்றாக வழுக்கும். வயதானவர்கள் குளிக்கும் இடத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன். வெளிவாசல் பக்கத்துக் கழிவறைக்கும் சுவருக்கும் தாராளமாகப் போடலாம்.

## டெராசோ

மாபிள் கற்சில்லைச் சீமெந்தில் கலந்து வார்த்து, இறுகியபின் மெஷினால் அரைத்து எடுப்பது. பழைய அரச கட்டடங்களின் படிக்கட்டில் நாமெல்லாரும் நடந்திருக்கிறோம். பல பத்தாண்டு மிதிபட்டும் அவை தேயவில்லை என்பதே இதற்குப் போதுமான நற்சான்று. தரைக்கு இந்த ஐந்தில் நான் அதிகம் விரும்புவது இது. கறை பிடித்தால் மறுபடி அரைத்துப் புதிதாக்கலாம். வேறெந்தப் பூச்சுக்கும் அந்த வசதி இல்லை.

ஆனால் பாரத்தைப் பாருங்கள். அடித்தளத்தோடு சேர்த்து இரண்டு அங்குலம் என்றால் சதுர மீட்டருக்கு 115 கிலோ மட்டில் வரும். நம் 40 சதுர அடித் தரைக்கு 400 கிலோவைத் தாண்டும். நிலத்தோடு இருக்கும் வீட்டுக்குக் கவலையில்லை. மேல்மாடியில் பழைய தளத்தை உடைத்து எடுத்துவிட்டு அதே அளவு பாரம் வைப்பது பரவாயில்லை. பழையதன் மேல் ஏற்றுவதாக இருந்தால் பொறியியலாளர் ஒருவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

மறைவாக வரும் செலவு அரைப்பில்தான். முதல் சுற்று, ஓட்டை நிரப்புதல், இரண்டாம் சுற்று, கடைசிப் பொலிஷ் என்று மெஷின் பல முறை வரும். பெரிய மெஷின் மூலைக்குள் போகாது, மூலைகளைக் கை மெஷினால் அரைக்க வேண்டும். சின்ன பாத்ரூமில் பாதி இடம் மூலைதான், அதனால் சதுர அடிக்கூலி மண்டபத் தரையைவிடக் கூடும். அரைக்கும்போது வரும் சேற்றை ஊழியர்கள் வடிகாலுக்குள் கழுவிவிட்டால் அது குழாய்க்குள் சீமெந்தாகவே இறுகும். தொடர்மாடியில் கீழ்வீட்டுக் குழாயையும் சேர்த்து அடைக்கும். வடிகாலைத் துணியால் அடைத்து, சேற்றை வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

## தடலக்ட்

மராகேஷ் பக்கத்துச் சுண்ணாம்பைப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, ஒலிவ் எண்ணெய்ச் சோப்பை ஏற்றுவார்கள். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத கல்சியச் சோப்பாக மாறி மேற்பரப்பை அடைக்கிறது. மொரோக்கோவின் ஹமாம் குளியலறைகளை இப்படித்தான் காலங்காலமாகக் காக்கிறார்கள். அழகில் இதற்கு ஈடு எதுவுமில்லை.

கொழும்புக்குத் தயக்கமாகத்தான் சொல்வேன். பொருள் முழுவதும் இறக்குமதி, வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், சதுர அடிக்கு மணிக்கணக்கில் கைவேலை, நனைக்கும் முன் ஒரு மாதம் போலக் காத்திருக்க வேண்டும். தரைக்கு ஏற்றதல்ல. சுண்ணாம்புக்கு அமிலம் ஆகாது. கொமோட்டுக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலத் திரவம் ஒருமுறை தெறித்தாலே அந்த இடம் மங்கிவிடும். தேசிக்காய் வைத்துத் தலை முழுகுகிற வீட்டுக்கும் அதே எச்சரிக்கைதான். வீட்டில் வேலைக்கு வருபவர் உட்பட எல்லாரும் இதைக் கவனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது என்னைப் பொறுத்தவரை பெரிய விலை. வோஷ் பேசினுக்குப் பின்னால் ஒரு சுவர் மட்டும் என்றால் ஆசைக்குச் செய்யலாம்.

## பெரிய போர்சலின் டைல்ஸ்

போர்சலின் தன் எடையில் அரை வீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. இரண்டுக்கு நான்கு அடி டைல்ஸ் போட்டு, எபொக்சி கிரவுட்டால், அதாவது சீமெந்துக்குப் பதிலாகப் பிசினால் ஆன கிரவுட்டால், ஒடுக்கமான கோடு விட்டால், தூரத்திலிருந்து பார்க்க ஒரே பரப்புப் போலவே இருக்கும். சீமெந்து நிறத்திலும் டெராசோ புள்ளியிலும் கடைகளில் கிடைக்கிறது. லங்கா டைல்ஸ், ரொசெல் போன்ற உள்ளூர் உற்பத்தி இருப்பதால் மேசனும் எளிது, மாற்றுத் துண்டும் எளிது. ஒரு டைல் உடைந்தால் ஒரு டைலை மாற்றினால் போதும். நிறம் தொகுதிக்குத் தொகுதி மாறும் என்பதால் ஒரு பெட்டி மேலதிகமாக வாங்கிக் கட்டிலுக்கடியில் வையுங்கள்.

மறைவான செலவு இதற்கும் உண்டு. பெரிய டைலை நான்கு பக்கமும் சரித்து நடு ஓட்டைக்கு வாட்டம் கொடுக்க முடியாது. சுவரோரம் நீள வடிகால் வைத்து ஒரே பக்கம் சரிக்க வேண்டும். அந்த வடிகாலுக்கும் குழாயை நகர்த்தவும் தனிக் காசு. எபொக்சி கிரவுட் சாதாரண கிரவுட்டைவிடப் பல மடங்கு விலை, கையாளத் தெரியாதவர் பூசினால் டைல்ஸ் மேல் படிந்த படலத்தை எடுக்கவே முடியாது. பழைய டைல்ஸுக்கு மேல் புதுசு ஒட்டினால் அரை அங்குலம் உயரும், கதவு இடிக்கும், வாசல்படி மறையும், தண்ணீர் அறைக்குள் வரும்.

## ஒரே பார்வையில்

| | மைக்ரோசீமெந்து | பொலிஷ் சீமெந்து | டெராசோ | தடலக்ட் | பெரிய டைல்ஸ் |
|---|---|---|---|---|---|
| பொருள் செலவு | கூட | குறைவு | நடுத்தரம் | மிகக் கூட | நடுத்தரம் |
| கூலி | கூட | கைத்திறனைப் பொறுத்தது | கூட | மிகக் கூட | குறைவு |
| பழைய டைல்ஸ் மேல் | முடியும் | முடியாது | பொறியியலாளரைக் கேட்காமல் முடியாது | பொதுவாக இல்லை | முடியும், மட்டம் உயரும் |
| டொலர் பாதிப்பு | கூட | குறைவு | நடுத்தரம் | மிகக் கூட | உள்ளூர் என்றால் குறைவு |
| மூடியிருக்கும் காலம் | ஓரிரு வாரம் | மூன்று நான்கு வாரம் | மூன்று நான்கு வாரம் | ஒரு மாதத்துக்கு மேல் | ஒரு வாரம் மட்டில் |
| மஞ்சள், எண்ணெய் | சீலர் இருக்கும்வரை நல்லது | கறை பிடிக்கும் | சீலர் வேண்டும் | கறை பிடிக்கும் | மிக நல்லது |
| சின்னப் பழுது | ஒட்டு தெரியும் | ஒட்டு தெரியும் | அரைத்துச் சரிசெய்யலாம் | கடினம் | ஒரு டைல் மாற்றலாம் |

## எல்லாவற்றுக்கும் பொதுவான செலவுகள்

குழாய்தான் முதல். மூட்டில்லாத பரப்பை உடைத்தால் ஒட்டு தெரியும் என்பதால், சுவருக்குள் இருபது முப்பது ஆண்டு கிடந்த குழாயை அப்படியே விட்டு மேலே விலையான பூச்சுப் பூசுவதில் அர்த்தமில்லை. "உடைக்காமல் பூசலாம்" என்பதால் மிச்சமாகும் காசை முதலில் இங்கே போடுங்கள். குழாய் மாற்ற உடைக்கத்தான் வேண்டும் என்றால், மைக்ரோசீமெந்தின் பெரிய அனுகூலமே போய்விட்டது. அந்த நிலையில் மற்றவற்றோடு அதைப் புதிதாக ஒப்பிட வேண்டும். பட்ஜெட் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது நீர்க்கசிவுத் தடுப்பு. இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக. தரை முழுவதும், சுவரில் ஓர் அடி, ஷவர் பக்கம் முழு உயரம். காய்ந்தபின் வடிகாலை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விட வேண்டும். கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, அவர்கள் பாத்ரூம் மேற்தளத்தைப் போய்ப் பாருங்கள். கசிவு வந்தபின் அந்த வீட்டின் சீலிங்குக்கும் பெயின்டுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டிவரும் தொகை, இந்த ஒரு நாளைவிடப் பல மடங்கு.

தளத்தின் கம்பி துருப்பிடித்திருந்தால் உதிர்ந்த கொங்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம்செய்து, துருத் தடுப்பு அடித்து, பழுதுச் சாந்தால் நிரப்ப வேண்டும். இது தெரிய வருவதே உடைத்த பிறகுதான். பழைய கட்டடத்துக்கு மொத்தத்தில் 15 முதல் 20 வீதம் ஒதுக்கி வையுங்கள் என்பேன். கொமோட் அடி, வோஷ் பேசின் விளிம்பு, சுவரும் தரையும் சேரும் மூலை, கண்ணாடி விளிம்பு ஆகிய இடங்களில் எந்தப் பூச்சானாலும் சிலிக்கன் போகும், அது சில ஆண்டில் கறுக்கும். மூட்டே இல்லாத பாத்ரூம் என்று ஒன்றில்லை.

கிணற்று நீர் பாவிக்கும் வீடுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் வன்மையாக இருந்தால் வெள்ளைப் படிவு விழும். அதை எடுக்கப் பாவிக்கும் அமிலம் தடலக்டை மட்டுமல்ல, சீமெந்துப் பூச்சு எல்லாவற்றையும் தின்னும். அப்படிப்பட்ட வீட்டுக்கு என் பதில் டைல்ஸ்தான்.

## யாருக்கு எது

பழைய தொடர்மாடி, டைல்ஸ் உறுதி, குழாய் அண்மையில் மாற்றியது, இன்னொரு பாத்ரூமும் இருக்கிறது என்றால் மைக்ரோசீமெந்து நல்ல தெரிவு. தயங்காமல் போடலாம். மினுக்கத்தை விட்டு, கரடு கொஞ்சம் தெரியும் மட் சீலர் கேளுங்கள்.

ஒரே ஒரு பாத்ரூம், அம்மா அப்பா கூட இருக்கிறார்கள், குழாயையும் மாற்ற வேண்டும் என்றால் போர்சலின் டைல்ஸ். தரைக்கு வழுக்காத மேற்பரப்பு உள்ளதை வாங்குங்கள். கடையில் ஒரு டைலை நனைத்து, சோப்புத் தடவி, வெறுங்காலை வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்கமாட்டார்.

சொந்த நிலத்தில் வீடு, மூன்று நான்கு வாரம் காத்திருக்கலாம், இருபது ஆண்டுக்கு மேல் அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் தரைக்கு டெராசோ, சுவருக்குப் பொலிஷ் சீமெந்து. முதலில் கொடுப்பது கூடத் தெரிந்தாலும், மறுபடி மறுபடி சீலருக்குச் செலவழிக்கும் பரப்பைவிட நீண்ட காலத்தில் இது மலிவு என்பது என் எண்ணம்.

வாடகைக்கு விடும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், டைல்ஸ். குடியிருப்பவர் என்ன ஊற்றிக் கழுவுகிறார் என்று நீங்கள் போய்ப் பார்க்கப் போவதில்லை.

## கொட்டேஷன் வாங்கும்போது

மொத்தத் தொகை ஒன்றை எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, தனித்தனி வரியாகக் கேளுங்கள்: உடைத்தல், குப்பை அகற்றல், குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, மட்டப்படுத்தல், பூச்சு, சீலர், வற். சதுர அடியா சதுர மீட்டரா, யன்னல் கதவைக் கழித்தார்களா, மாடத்தின் உள்பக்கத்தையும் விளிம்புகளையும் தனியாக எண்ணுகிறார்களா என்று பாருங்கள். பூசுபவர் சிங்களம் மட்டும் வாசிப்பவர் என்றால் இரு மொழியிலும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பின்னால் வரும் பாதித் தகராறு "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்பதுதான்.

மாதிரியைக் கையளவு அட்டையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டுக்கு இரண்டு அடி பலகையில் முழு முறைப்படி, சீலர் உட்படப் பூசித் தரச் சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்டாலும் கொடுங்கள். அந்தப் பலகையில் மஞ்சள், நல்லெண்ணெய், முடிச்சாயம், நீங்கள் பாவிக்கும் கொமோட் திரவம் நான்கையும் ஒவ்வொரு சொட்டு வைத்து ஓர் இரவு விட்டுக் கழுவிப் பாருங்கள்.

முன்பணம் பொருளுக்கு மட்டும். அடுத்த தவணை தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகு, அதற்கடுத்தது பூச்சு முடிந்ததும். கடைசிப் பத்து வீதத்தை நீங்கள் ஒரு மாதம் குளித்துப் பார்க்கும்வரை கையில் வைத்திருங்கள், அதை முதலிலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ள வையுங்கள். வேலை முடிந்து போகும்போது பொருளின் பெயர், நிற எண், சீலரின் வகை எல்லாவற்றையும் எழுதி வாங்கி, மிஞ்சிய நிறத்தூளையும் ஒரு போத்தலில் கேட்டு எடுத்து வையுங்கள். சீலரின் பெயர் தெரியாவிட்டால், நான்கு ஆண்டு கழித்து வரும் ஆள் பழையதன் மேல் எது ஒட்டும் என்று தெரியாமல் முழுவதையும் சுரண்டித்தான் தொடங்குவார்.